மண்ணுளியின் சனிக்கிழமை

மே 9, ஞாயிறு

கத்திரி வெயில். காலையிலேயே வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான். அண்டா பாதிகூட நிறையவில்லை.

சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்று. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஜனவரியில் அப்பா ரிட்டயர் ஆனபோது கொடுத்த தவணை அதோடு முடிகிறது. பரணில் இருந்தவை: உடைந்த அரிக்கேன் விளக்கு, என் ஜாமெட்ரி பாக்ஸ், அப்பாவின் காக்கிச் சட்டைகள் ஒரு மூட்டை, மூடியில்லாத பாட்டில்கள். பாட்டில்களை எறிய அம்மா விடவில்லை.

அப்பா நாற்காலியில். எதைக் கேட்டாலும் "உம்". ஃபேக்டரியில் கடைசி நாள் போட்ட சந்தன மாலை இன்னும் ஆணியில் தொங்குகிறது. கட்டட்டுமா, எறியட்டுமா என்றேன். அதற்கும் "உம்".

பின்பக்கப் பெட்டியில் இருக்கும் மண்ணுளிப் பாம்புக்குத்தான் உடம்பு சரியில்லை. (இனி ம. என்றே எழுதுகிறேன். யாராவது எடுத்துப் படித்தால் ஏதோ ஆள் பெயர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.) போன வாரம் கண் நீலம் பாரித்தது. தோல் உரிக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டேன். வழக்கமாக ஒரே உறையாகக் கழற்றிப் போட்டுவிடும். இந்த முறை பாதியில் நின்றுவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி துண்டு துண்டாக உடம்போடு ஒட்டியிருக்கிறது. வால் நுனியில் மோதிரம் போட்டாற்போல் ஒரு வளையம். இரண்டு கண்ணையும் பழைய தோல் வெள்ளையாக மூடியிருக்கிறது.

கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாம்பு எப்படித் தோல் உரிக்கும் என்று இருக்கிறது. உரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

புது வீடு காட்டுப்பாக்கத்தில். அசைவம் சமைக்கலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். பாம்பு பற்றிக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ஆக, போவதற்குள் ம.வை எங்காவது கொண்டுபோய் விட்டாக வேண்டும். இப்படிக் கண் தெரியாமல் விட்டால் முதல் நாளே காக்கை கொத்திவிடும்.

தோல் முழுக்கக் கழல வேண்டும். ஒரு எலியாவது தின்ன வேண்டும். அப்புறம்தான் விடுவது.

மே 10, திங்கள்

ஆபீஸ். அம்பத்தூர் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. டைப் ரிப்பன் மங்கிவிட்டது. மேனேஜர் புது ரிப்பன் தரமாட்டார், பழையதையே திருப்பிப் போடச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் பொது ஃபோனில் பாம்புப் பண்ணைக்குப் பேசினேன். சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். எடுத்தவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். வீட்டிலா வைத்திருக்கிறீர்கள், உங்கள் பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள்? வீட்டில் பாம்பு வைத்திருந்தால் கேஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வைத்துவிட்டேன். காகிதத்தில் எழுதியதில் ஒன்றையும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாட்டாஸ்பத்திரி. ஒரு கன்றுக்குட்டிக்கும் ஒரு கிடாவுக்கும் பின்னால் வரிசையில் நின்றேன். டாக்டர் சிரித்தார்.

"பாம்புக்கா? நான் மாட்டுக்கு ஊசி போடறவன்மா. காஞ்ச தோலுன்னா ஊற வை. வேற இன்னா பண்ணுவ?"

அது போதும். நான் கேட்க நினைத்ததும் அதைத்தான்.

மே 11, செவ்வாய்

லீவு சொன்னேன். வயிற்றுவலி என்று.

துணி ஊறவைக்கும் பேசினில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தேன். கை வைத்தால் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்கிற பதம் வந்ததும் ம.வை உள்ளே விட்டேன். தலை மேலே இருக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். மேலே முறம், முறத்தின் மேல் அம்மிக் குழவி. குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் பாம்புக்குக் குளியல் என்று அம்மா முணுமுணுத்தாள். அந்தத் தண்ணீரிலேயே பிறகு வாசலைக் கழுவினேன்.

அப்புறம் அப்பாவின் காக்கிச் சட்டை இரண்டை நனைத்துப் பிழிந்து மடித்து வைத்தேன். மடிப்புக்குள் ம. தானாகவே புகுந்தது. முரட்டுத் துணி. உரசிக்கொண்டே போய் மறுபக்கம் வெளியே வந்தபோது கழுத்துக்குக் கீழே ஒரு சாண் தோல் சட்டையின் கையிலேயே தங்கிவிட்டது. சத்தமில்லாமல் சிரித்தேன்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாதான் ம.வைக் கொண்டுவந்தவர். அப்போது நான் பி.எஸ்ஸி. ஜுவாலஜி கடைசி வருஷம். ஆளுக்கொரு உயிர் கொண்டுவந்து ஃபார்மலின் பாட்டிலில் போட வேண்டும், அதற்கு மார்க். ஃபேக்டரிக்குள் பள்ளம் தோண்டும்போது இது கிடைத்திருக்கிறது. மகள் காலேஜுக்கு ஆயிற்று என்று அப்பா சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கேட்டில் காவல்காரர் ஸ்டோர்ஸ் சாமானைத் திருடிக்கொண்டு போகிறார் என்று பையைப் பிடுங்கி உள்ளே கையை விட்டாராம். அந்தக் கதையை அப்பா தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லுவார். காவல்காரர் எப்படித் துள்ளினார் என்று எழுந்து துள்ளியும் காட்டுவார். எனக்குத்தான் ம.வைப் பாட்டிலில் போட மனம் வரவில்லை. கடற்கரையில் பொறுக்கிய நட்சத்திர மீனைக் கொடுத்துவிட்டேன். மார்க் குறைந்தது. அப்பா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, மரப்பெட்டிக்கு வலை அடித்துக் கொடுத்தார்.

மே 12, புதன்

ஆபீஸ் போகும் முன் ஒரு முறை ஊறவைத்தேன். வந்ததும் ஒரு முறை. முதுகில் முக்கால்வாசி கழன்றுவிட்டது. புதுத்தோல் அடியில் செம்பழுப்பாக, ஈரச் செங்கல் மாதிரி.

அம்மா தள்ளி நின்று பார்ப்பாள். மூன்று வருஷமாக அப்படித்தான். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்பது அம்மாவின் பயம். அதெல்லாம் இல்லை என்று நான் சொல்லியும் பிரயோசனமில்லை. பெட்டி இருக்கும் பின்பக்கம் பெருக்கமாட்டாள், துடைப்பத்தைத் தூரத்திலிருந்தே நீட்டுவாள்.

இன்று திடீரென்று கேட்டாள். "அது ஆம்பளயா, பொம்பளயா?"

"ஆண்தான்னு நெனைக்கிறேன். ஏம்மா?"

"சொம்மா கேட்டேன்."

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டாள். ராத்திரி உப்புமா.

மே 14, வெள்ளி

வால் வளையம் வந்துவிட்டது. ஈரப் பஞ்சை நெடுநேரம் சுற்றி வைத்திருந்து, விரல் நுனியால் உருட்டி உருட்டி. அடியில் வால் கொஞ்சம் கறுத்திருந்தது, தொட்டால் அசைக்கிறது. பயமில்லை.

மிச்சம் தலையும் கண்ணும். கண்ணை இழுக்கக் கூடாது. பழைய தோலோடு அடியில் இருப்பதும் வந்துவிடும். ஊறட்டும், தானாக வரட்டும்.

எலிப்பொறியில் விழுந்த சுண்டெலியைப் பக்கத்து வீட்டு பத்மா அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். வைத்தேன். எலி ம.வின் முதுகில் ஏறி நடந்தது. ம. அசையவில்லை. எலியை எடுத்துவிட்டேன்.

இன்னும் நாள் இருக்கிறது.

மே 15, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சீயக்காய் வாசனை. இன்று சனிக்கிழமை, அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல் என்று நினைத்தேன். அப்பா தலை காய்ந்திருந்தது. பின்பக்கம் போனேன். பெட்டிக்குள் ம. மண்ணில் புரட்டி எடுத்த கொழுக்கட்டை மாதிரி கிடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய். எண்ணெயின் மேல் மண், தலை முதல் வால் வரை அப்பிக்கொண்டு.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் பெருமை.

"காலையில நீ போனதும் தேச்சு உட்டேன். எல்லாம் சூடு, வசந்தா. இந்த வெயில்ல மனுசனுக்கே தோலு உரியுது. ஆம்பளன்னு சொன்னியே, அதான் சனிக்கெழம வரட்டும்னு இருந்தேன்."

நல்லெண்ணெய் காய்ச்சி, சீரகம் மிளகு போட்டு, ஆறவைத்து. உச்சந்தலையில் முதல் கை. அப்புறம் சீயக்காய். அப்புறம் சொம்பு சொம்பாக வெந்நீர், தலையோடு. நாளைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் பகலில் தூங்கக் கூடாதாம். அதனால் மத்தியானம் முழுக்கப் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, அது சுருளும்போதெல்லாம் கரண்டியால் பலகையைத் தட்டியிருக்கிறாள்.

எப்படிப் பிடித்தாள் என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"கையில துணி சுத்திக்கினுதான் எடுத்தேன். எண்ணெ பட்டதும் துணி வழுக்கிச்சு. அவுத்துட்டேன்."

"நக்கிச்சா?"

"நக்கிச்சு. ரெண்டு வாட்டி." கையைப் பார்த்துக்கொண்டாள். "போனா போது. நீ ஒரு வாரமா சோறு துன்னாம கீற."

என்ன சொல்வது? நல்லா தேச்சிருக்கம்மா என்றேன்.

மே 16, ஞாயிறு

காலை முழுக்க மண்ணை எடுத்தேன். ஈரத்துணி, பஞ்சு, பஞ்சு, ஈரத்துணி. எண்ணெய் போக மறுக்கிறது. செதிலுக்கு நடுவில் சீயக்காய்த் தூள். வாயோரத்தில் கொஞ்சம். எடுக்கும்போது சீறியது. மூன்று வருஷத்தில் என்னைப் பார்த்துச் சீறியதில்லை.

மூக்கில் சின்னச் சின்ன நுரை. துடைத்தால் மறுபடி வருகிறது.

அம்மா பத்மா அக்காவிடம் சொல்லிவிட்டாள். பின்பக்கத்துக் கொடியில் துணி உலர்த்தும்போது கேட்டது.

"பாம்புக்கு எண்ணெ தேச்சியாமே? எங்க ஊட்டுக்காரருக்கும் தேச்சு உடு. அதுவும் ஒரே சட்டைய கயட்டாம கீது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. அப்பா பேச்சை நிறுத்திய பிறகு அவளும் சிரிப்பதில்லை.

மே 19, புதன்

கண் திறந்துவிட்டது.

காலையில் ஈரப் பஞ்சு வைத்து எடுத்தபோது வலது கண் மூடி பஞ்சோடு வந்தது. மீன் செதில் மாதிரி, கண்ணாடி மாதிரி ஒரு சின்ன வட்டம். சாயங்காலம் இடது கண். உள்ளே மணி மணியாகக் கண். விரலை நகர்த்தினால் தலை கூடவே வருகிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முறத்துக்கு மேலே குனிந்து பார்த்தாள். நான் பார்க்க இத்தனை பக்கத்தில் அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

"எண்ணெயில உட்டுச்சு பாத்தியா."

இருக்கலாம். எண்ணெய் உள்ளே இறங்கி இளக்கியிருக்கலாம். ஊறவைத்ததால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை.

ஆனால் நுரை நிற்கவில்லை. மூச்சு விடும்போது ஒரு சத்தம், ஈர விறகு எரிகிற மாதிரி. இதை அம்மாவிடம் காட்டவில்லை.

மே 21, வெள்ளி

அமாவாசை. அம்மா விரதம். பாத்திரம் பாதி கட்டியாயிற்று. வாங்க வேண்டியவை: சணல், கற்பூரம், பூசணிக்காய், புதுப் பூட்டு.

ம. தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. வாய்க்குள் கோழை. எலி வைத்தேன். கண் எலியைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. உடம்பு நகரவில்லை.

மறுபடி மாட்டாஸ்பத்திரி. டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. தண்ணி உள்ள பூந்துகீதும்மா, என்றார். தலையில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். நான்தான் ஊற்றினேன் என்றேன். ஏதோ ஒரு மருந்து, ஒரு சொட்டு மட்டும் கொடுத்துப் பார் என்றார். பாம்புக்கு அளவு அவருக்கும் தெரியாதாம்.

மே 23, ஞாயிறு

ஒரு சொட்டு காலை, ஒரு சொட்டு மாலை. கோழை குறையவில்லை.

அம்மா பின்பக்கம் வந்தால் பெட்டி மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறேன். வெளிச்சம் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நம்புகிறாள். அடுத்த சனிக்கிழமை நாம் இங்கே இருக்கமாட்டோமே, போவதற்குள் இன்னொரு தரம் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. அப்புறம் நானே போய், அதான் கண்ணு தொறந்துடுச்சேம்மா, இனிமே எதுக்கு என்றேன். சரியாகிவிட்டாள்.

அப்பா நாற்காலியைப் பின்பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே காற்றே வராது.

மே 25, செவ்வாய்

விடியும்போது சாக்கைத் தூக்கினேன். மல்லாந்து கிடந்தது. கண் திறந்தேதான் இருந்தது. பாம்புக்கு இமை கிடையாது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அம்மா எழவில்லை. காக்கிச் சட்டையில் சுற்றினேன். துணிக்கொடிக் கம்பத்துக்குப் பின்னால் தோண்டப் போனேன். தரை காய்ந்து கல்லாக இருந்தது, கரண்டி இறங்கவில்லை. அப்பா வந்தார். சட்டையைப் பார்த்தார், பிரிக்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரை எடுத்துவந்தார். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார், சத்தம் கேட்குமோ என்று. மூடி, மிதித்து, மேலே இரண்டு செங்கல்லை வைத்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத."

கை கால் கழுவி உள்ளே வந்தோம். அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது என்று என்னிடம்தான் கேட்டாள். அப்பா பேசினார்.

"ஏரிக்கரையில கொண்டு போய் உட்டுட்டோம். வெயில் ஏறங்காட்டியும். பொட்டிய சாச்சு வெச்சேன். மொதல்ல வரல. தலைய நீட்டி மண்ண மோந்து பாத்துச்சு. அப்புறம் பாரு, உட்டுது ஒரு ஓட்டம். புதர் கிட்ட போனதும் நின்னுச்சு. ஒரு தபா திரும்பிப் பாத்துச்சு. கண்ணு ரெண்டும் குன்றிமணி மாதிரி."

எழுந்து நின்றுகொண்டே சொன்னார். கையால் அது போன விதத்தை வளைத்து வளைத்துக் காட்டினார். ஜனவரிக்கு அப்புறம் அப்பா இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அம்மா அடுப்பை மறந்து வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காபி பொங்கி வழிந்தது.

"என்ன ஒரு வார்த்த எழுப்பக் கூடாதா? நானும் பாத்திருப்பேன்" என்றாள் கடைசியில். கோபமில்லை, ஆசைதான்.

அப்பா காபி குடித்தார்.

ஆபீஸ் போனேன். நிறையத் தப்பாக டைப் அடித்தேன்.

மே 27, வியாழன்

வீடு மாற்றல். லாரி வர மதியமாகிவிட்டது. பூந்தமல்லி ரோடு முழுக்கப் புழுதி. நான் லாரியின் பின்பக்கம் பீரோவைப் பிடித்துக்கொண்டு. மரப்பெட்டியையும் அம்மா ஏற்றச் சொன்னாள். வெங்காயம் போட்டு வைக்கலாமாம்.

கிளம்பும் முன் பின்பக்கம் போய் நின்றேன். செங்கல்லின் மேல் பத்மா அக்காவின் கரித்துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.

புது வீட்டில் பால் பொங்கியது. கிணறு இருக்கிறது. தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று அம்மா மூன்று முறை சொன்னாள். சுவரெல்லாம் வெறுமையாக. சந்தன மாலையை மாட்ட ஆணி இல்லை.

ராத்திரி அழுதேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில், மோட்டார் ஓடும் சத்தத்தில்.

மே 29, சனி

வெயில் குறையவில்லை. கத்திரி முடிந்தது என்று காலண்டரில் போட்டிருக்கிறது. இன்று எனக்கு லீவு. சாமான் பிரிக்கிற வேலை.

அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். கிணற்றடியில் மணை போட்டு உட்கார வைத்து அம்மா உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருப்பவரோ, நிலமெல்லாம் விற்றது போக மீதியில் கட்டிய வீடாம் இது. சனிக்கெழம தவறாம தேச்சுக்கறது நல்ல பழக்கம், இப்ப யாரு செய்யறாங்க என்றார்.

"மனுசனுக்கு இன்னாங்க, பாம்புக்கே தேச்சு உட்டவ நான்" என்றாள் அம்மா.

முழுக்கச் சொன்னாள். தோல் ஒட்டியது, துணி வழுக்கியது, நக்கியது, கரண்டியால் தட்டியது. கையை வேறு நீட்டிக் காட்டினாள், பாருங்க, குஷ்டமும் வரல ஒண்ணும் வரல. வீட்டுக்கார அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"கண்ணு தொறந்து, ஜம்முனு ஏரிக்கரைக்கு ஓடிப்போச்சு. போறப்ப திரும்பிப் பாத்துச்சாம்." அவர் நம்பவில்லை போலிருக்கிறது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "எம் பொண்ணக் கேளுங்க. பி.எஸ்ஸி. ஜுவாலஜி. பாம்பப் பத்தித்தான் பெரிய படிப்பு படிச்சிகீது. சொல்லு வசந்தா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் எண்ணெய் வழிந்தது. துடைக்கவில்லை.

"ஆமாங்க" என்றேன். "திரும்பிப் பார்த்துச்சு."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, புறங்கையால் என் நெற்றியைத் தொட்டாள்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. உனக்கும் சூடு ஏறிகீது. செவ்வாக்கெழம வரட்டும், தேச்சு உடறேன்."

சரிம்மா என்றேன்.